மீனோடு ஃபில்டரையும் கொடுத்தனுப்புங்கள்

வீட்டில் வளர்த்த கோல்டு ஃபிஷ் வேண்டாம் என்று ஆவதற்கான காரணங்கள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வீடு மாறுகிறார்கள். ஆசைப்பட்டு வாங்கிய பிள்ளை வெளியூர் கல்லூரிக்குப் போய்விட்டான், தொட்டி கழுவும் வேலை அம்மா தலையில் விழுந்துவிட்டது. சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கும்போது இரண்டு அங்குலம் இருந்தது, இப்போது உள்ளங்கையைவிட நீளமாகிவிட்டது. வாஸ்துவுக்காக எட்டு ஆரஞ்சு, ஒரு கறுப்பு என்று ஒன்பது மீனை இரண்டடித் தொட்டியில் விட்டு, தண்ணீர் நாறத் தொடங்கியதும் கைவிட்டவர்களும் உண்டு.

கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. கோல்டு ஃபிஷ் நீண்ட ஆயுள் உள்ள மீன். ஒழுங்கான தண்ணீர் இருந்தால் 10 முதல் 15 வருடம் சாதாரணம், 20 வருடம் தாண்டுவதும் உண்டு. 1956 இல் இங்கிலாந்துத் திருவிழாக் கடை ஒன்றில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற மீன் 43 வருடம் இருந்து 1999 இல்தான் செத்தது. அதனால் இடையில் ஒருமுறை கை மாறுவது இந்த மீனுக்கு இயல்பான காரியம்தான், அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. எப்படி மாறுகிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இப்படிக் கை மாறிய மீன்களில் பல, புது வீட்டுக்குப் போன ஒரு மாதத்துக்குள் செத்துவிடுகின்றன. வாங்கியவர் நல்லவர்தான், தொட்டியும் பெரிதுதான். ஆனால் மீன் மட்டும் போயிருக்கும், அதை உயிரோடு வைத்திருந்த ஃபில்டர் பழைய வீட்டுப் பரணில் காய்ந்து கிடக்கும். இந்தப் பதிவு முழுக்க அதைச் சுற்றித்தான் வரும்.

அதற்கு முன், "ஏரியில் விட்டுவிடலாமே", "கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம்" என்ற யோசனைகளை முடித்துவிடுவோம். நம்மூர் ஏரியில் கோல்டு ஃபிஷ் பெருகி ஊரையே பிடித்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆரஞ்சு நிறத்தில் மினுக்கிக்கொண்டு மெதுவாக நீந்தும் மீனை விராலும் கொக்கும் முதல் வாரத்திலேயே முடித்துவிடும். ஒராண்டா, பபுள் ஐ மாதிரி உருண்டை மீன்களுக்கு அந்த ஒரு வாரமும் கிடையாது. சிக்கல் பிழைக்கிற மீனால்தான். அடிச்சேற்றைக் கிளறித் தின்பது இதன் சுபாவம். தண்ணீர் கலங்கும், நீர்ச்செடி வேரோடு வரும், மற்ற மீன்களின் முட்டை காணாமல் போகும். மீன் பேன், நங்கூரப் புழு போன்ற ஒட்டுண்ணிகளும் கூடவே இறங்கும். நம்மைவிடக் குளிர்ந்த நாடுகளில் இது எங்கே போய் முடிகிறது என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் நகராட்சி, தன் ஏரியில் பிடிபட்ட முழங்கை நீளக் கோல்டு ஃபிஷ்களின் படத்தை 2021 ஜூலையில் வெளியிட்டு, "தயவுசெய்து இங்கே விடாதீர்கள்" என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில், வீட்டுத் தொட்டியிலிருந்து போனவை கிட்டத்தட்ட இரண்டு கிலோ எடைக்கு வளர்ந்திருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே, 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமா, அலிகேட்டர் கார் என்ற அயல்நாட்டு மீன்கள் வலையில் விழுந்தன. தமிழ்நாட்டு ஏரிகளில் டேங்க் கிளீனர் மீன் (தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விற்கும் உறிஞ்சுவாய் மீன்) வலையைக் கிழிப்பதை மீனவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதுவும் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் இருந்ததுதான்.

கிணற்றில் விடுவதும் தீர்வல்ல. ஆழ்கிணற்றில் வெளிச்சமும் தீனியும் குறைவு, ஆக்சிஜனும் குறைவு. கழிவறையில் ஊற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சட்டம் தெரிய வேண்டுமென்றால், 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் "விலங்கு" என்பது மனிதன் அல்லாத எல்லா உயிரையும் குறிக்கும், மீனும் அதில் சேரும். பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் விலங்கைக் கைவிடுவது அதன் 11 ஆம் பிரிவின்படி குற்றம்.

உங்களிடம் இருப்பது எந்த மீன்

கொடுக்கும் இடத்தை முடிவு செய்வது மீனின் உடல்வாகுதான். ஒற்றை வால், மெலிந்த நீள உடம்பு என்றால் அது சாதாரண கோல்டு, காமெட் அல்லது ஷூபன்கின். வேகமாக நீந்தும், ஓர் அடி வரை வளரக்கூடும். இவற்றுக்குத் தொட்டி பற்றாது, குளம்தான் சரி. இரட்டை வால், உருண்டை வயிறு என்றால் ஒராண்டா, ரியூகின், பிளாக் மூர், ரெட் கேப், பபுள் ஐ வகையறா. 6 முதல் 8 அங்குலத்தில் நிற்கும், வீட்டுத் தொட்டிக்கு ஏற்றவை. இரண்டு வகையையும் ஒரே இடத்துக்குக் கொடுத்தால், தீனி போட்டவுடன் காமெட் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். பார்வை மங்கிய பிளாக் மூரும் பபுள் ஐயும் பட்டினி கிடக்கும். பிரித்தே கொடுங்கள்.

வாங்குபவரின் தொட்டி போதுமா என்று பார்க்க ஒரு கணக்கு. ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். நம் வீடுகளில் அதிகம் காணப்படும் 2×1×1 அடித் தொட்டி 56 லிட்டர்தான், கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் தேறும். அதில் ஒரு பெரிய ஒராண்டா நிம்மதியாக இருப்பதே சந்தேகம். 3×1.5×1.5 அடி என்றால் 190 லிட்டர், மூன்று உருண்டை மீன்களுக்குப் போதும். முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்பது என் அளவுகோல். காமெட் வகைக்குக் குறைந்தது 500 லிட்டர் சிமெண்ட் தொட்டியோ ஃபைபர் தொட்டியோ வேண்டும். "தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும், அதனால் கவலை இல்லை" என்பார்கள். அழுக்குத் தண்ணீரில் வளர்ச்சி குன்றுவது உண்மைதான், ஆனால் அது நோய்க்கான அறிகுறி.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதே சிலருக்குத் தீர்வு கிடைத்துவிடும். மூன்றடித் தொட்டியில் ஒன்பது மீன் வைத்திருப்பவர் ஆறைக் கொடுத்துவிட்டு மூன்றை வைத்துக்கொண்டால், தண்ணீர் நாறுவது அதோடு நின்றுவிடும்.

யாரிடம் கொடுப்பது

முதலில் ஏற்கெனவே கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்கள். வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கில் உள்ள மீன் வளர்ப்பவர் குழுக்களில் கேட்டால் உங்கள் பேட்டையிலேயே யாராவது கிடைப்பார்கள். அடுத்தது, வலை போட்டு மூடிய அலங்காரக் குளம் வைத்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், பள்ளிகள், பண்ணை வீடுகள். அங்கே பார்த்துக்கொள்ள ஒரு ஆள் பெயர் சொல்லி இருக்க வேண்டும். "எல்லாரும் பார்த்துப்போம்" என்ற இடத்தில் மீனுக்கு ஒரு நாள் நாலு வேளைத் தீனி விழும், அடுத்த நாள் பட்டினி.

கடைகள் மூன்றாவது. கொளத்தூர் கடைகளில் சிலர் நல்ல நிலையில் உள்ள பெரிய மீனை வாங்கிக்கொள்வார்கள். பணம் எதிர்பார்க்காதீர்கள். எந்தத் தொட்டியில் விடுவார்கள் என்று மட்டும் கேளுங்கள். தனித் தொட்டியைக் காட்டினால் சரி. "அப்படி வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்றால் வேறு கடை பாருங்கள். நாய், பூனைக் காப்பகங்களில் மீனுக்கான தொட்டியோ ஆளோ இருப்பது அரிது, அங்கே போய் வைத்துவிட்டு வராதீர்கள்.

இலவசம் என்று விளம்பரம் போட்டால் முதலில் வரும் போன், பெரும்பாலும் அரவானாவோ ஆஸ்கரோ வளர்ப்பவருடையதாக இருக்கும். உங்கள் மீன் அவர் மீனுக்குத் தீனி. (அவர் மீனுக்கும் நல்லதல்ல. கோல்டு ஃபிஷ் உடம்பில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும்.) இதைத் தவிர்க்க ஒரு சிறு விலை வையுங்கள், அல்லது "தொட்டி, ஃபில்டரோடு சேர்த்துத்தான்" என்று எழுதுங்கள். விளம்பரம் இப்படி இருந்தால் போதும்:

"ஒராண்டா 2, ரெட் கேப் 1. வால் சேர்க்காமல் 4 முதல் 5 அங்குலம். நான்கு வருடமாக எங்களிடம். அடியில் மூழ்கும் பெல்லட் தின்னும். கடந்த ஆறு மாதத்தில் நோய் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு தருகிறோம். 150 லிட்டருக்குக் குறைந்த தொட்டி என்றால் வேண்டாம். தொட்டிப் படம் அனுப்பவும்."

படம் வந்ததும் கேட்க வேண்டியவை: தொட்டி எத்தனை நாளாக ஓடுகிறது, என்ன ஃபில்டர், உள்ளே வேறு என்ன மீன், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். "புதுசா இன்னிக்குத்தான் செட் பண்ணினேன்" என்ற பதில் வந்தால் மறுக்க வேண்டாம், உங்கள் ஃபில்டர் அங்கே கட்டாயம் போயாக வேண்டும் என்று அர்த்தம். உள்ளே டைகர் பார்ப், ஏஞ்சல், ஃப்ளவர்ஹார்ன் இருந்தால் கொடுக்காதீர்கள். டேங்க் கிளீனர் இருந்தாலும் கூடாது. இரவில் அது கோல்டு ஃபிஷ் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பைச் சுரண்டும். விலாவில் வட்டமாகப் புண் தெரிந்தால் அதன் வேலைதான்.

கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே

வேண்டாம் என்று ஆன மீன் பெரும்பாலும் பல மாதம் கவனிக்காத தண்ணீரில்தான் இருக்கும். அந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருக்கலாம். ஆனால் நைட்ரேட் (மீன் கழிவு மாறி மாறிக் கடைசியில் தண்ணீரில் சேருவது) 100 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம் தாண்டியிருக்கும், பிஹெச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7க்குக் கீழே அமிலம்) 6.5க்கும் கீழே இறங்கியிருக்கும். பிஹெச் இறங்கும்போது, கழிவை மாற்றும் ஃபில்டர் பாக்டீரியா சோர்ந்துவிடும், கழிவிலிருந்து வரும் அம்மோனியா சேரும். ஆனாலும் மீன் சாகாது. ஏனென்றால் அந்தக் குறைந்த பிஹெச்சில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற, விஷம் குறைந்த வடிவில் இருக்கும். இப்போது "சுத்தமாகக் கொடுப்போமே" என்று பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பிஹெச் 8 உள்ள போர் தண்ணீரை ஊற்றுகிறீர்கள். அதே அளவு அம்மோனியாவின் விஷம், பிஹெச் 7 இல் இருப்பதைவிட 8 இல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. வெப்பம் கூடினால் இன்னும் கூடும். "தண்ணி மாத்தினேன், மறுநாள் காலையில மூணும் மிதக்குது" என்பதற்கு இதுதான் காரணம். பழி எப்போதும் குளோரின் மேல் விழும்.

ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 15 சதவீதம் மட்டும் மாற்றுங்கள். சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், காகிதப் பட்டையை நம்ப வேண்டாம். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40க்குள், பிஹெச் உங்கள் குழாய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் என்று வந்ததும் மீன் பயணத்துக்குத் தயார். குளோரின் கலந்த மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி குளோரின் போட வேண்டும். கடையில் உதிரியாகத் தரும் அந்தக் கண்ணாடிக் கற்கள் சோடியம் தயோசல்பேட்தான், 100 லிட்டருக்கு 1 கிராம் தாராளம். குடிக்கும் கேன் தண்ணீரை மட்டும் வைத்துத் தொட்டியை நிரப்பாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் குறைவு, அதில் பிஹெச் நிலையாக நிற்காது.

இதே இரண்டு வாரத்தில் மீனை உற்றுப் பாருங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் மேலிருந்து தெரியாதது தெரியும். துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நிற்கிறதா? கண்ணாடி போன்ற, அரிசியைவிடச் சிறிய தட்டு ஒன்று உடம்பில் ஒட்டி நகர்கிறதா? அது மீன் பேன். செதிலடியிலிருந்து நூல் மாதிரி தொங்கினால் நங்கூரப் புழு. செதில்கள் விறைத்துக்கொண்டு நின்றால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. வெள்ளைப் புள்ளிகளைக் கண்டவுடன் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும், வரிசை பிசகாமல் புள்ளிகள் இருந்தால் அது இனப்பெருக்கப் பருவத்து ஆண் மீன், நோய் இல்லை. வாலிலும் உடம்பிலும் சிதறி, உப்புத் தூவியது போல் இருந்தால்தான் ஒயிட் ஸ்பாட் நோய்.

நோய் இருந்தால் குணமாகும் வரை கொடுக்கக் கூடாது. லேசான சோர்வு, கீறல், ஒயிட் ஸ்பாட்டின் ஆரம்பம் ஆகியவற்றுக்குக் கல் உப்பு உதவும். லிட்டருக்கு 3 கிராம், அதாவது 100 லிட்டருக்கு 300 கிராம். மூன்று பங்காக்கி, 12 மணி நேரத்துக்கு ஒரு பங்கு, தனிப் பாத்திரத்தில் கரைத்து ஊற்றுங்கள். செடி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். மீன் பேனுக்கும் நங்கூரப் புழுவுக்கும் இந்த உப்பு போதாது. மீனைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேட்பதுதான் வழி.

ஃபில்டர்

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும், கல்லிலும், கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பழைய தண்ணி பத்து லிட்டர் சேர்த்துக் கொடுத்தேன்" என்பவர்கள் அழுக்கைக் கொடுத்திருக்கிறார்கள், பாக்டீரியாவைக் கொடுக்கவில்லை. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா தானாக நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கோல்டு ஃபிஷ் மாதிரி நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் அதற்கு முன் அங்கே போனால், இரண்டாம் வாரம் அம்மோனியா உச்சிக்குப் போகும், நாலாம் வாரம் நைட்ரைட். கை மாறிய மீன்கள் ஒரு மாதத்துக்குள் சாகும் கதை இதுதான்.

உங்கள் ஸ்பாஞ்சும் மீனோடு கூடப் போனால் அந்த ஆறு வாரம் மிச்சம். ஆனால் அது உயிரோடு போக வேண்டும். குழாயடியில் அலசினால் குளோரின் கொன்றுவிடும். அடைத்திருந்தால், மாற்றுவதற்காக எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை மெதுவாகப் பிழியுங்கள். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டாதீர்கள், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுகிவிடும். மூடி திறந்த வாளியில், அது மூழ்கும் அளவு தொட்டித் தண்ணீர், முடிந்தால் பேட்டரி ஏர் பம்ப். இப்படி வைத்தால் சில மணி நேரம் தாங்கும். பவர் ஃபில்டர், டாப் ஃபில்டர் என்றால் உள்ளே இருக்கும் பஞ்சு, செராமிக் வளையம் இரண்டையும் இதே மாதிரி எடுத்துப் போங்கள். மோட்டார் உங்களுக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், அதில் ஒன்றும் இல்லை.

வாங்குபவரிடம் ஏற்கெனவே ஓடும் தொட்டி இருந்தாலும் ஸ்பாஞ்ச் கொடுங்கள். புது மீனை மூன்று, நாலு வாரம் தனியாக ஒரு 50, 60 லிட்டர் டப்பில் வைத்திருந்துதான் பழைய மீன்களோடு சேர்க்க வேண்டும். அந்த டப்புக்கு ஃபில்டர் அதுதான். பார்வைக்கு நலமாக இருக்கும் மீனும் கோல்டு ஃபிஷ் ஹெர்பிஸ் வைரஸைச் சுமக்கலாம் என்பதால் இந்தத் தனிமையை விட்டுக்கொடுக்க முடியாது.

எடுத்துப் போவது

கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள். பசியால் எதுவும் ஆகாது. தின்றால்தான் வழியெல்லாம் கழித்துத் தன் தண்ணீரைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

வலையால் பிடிக்காதீர்கள். பபுள் ஐயின் கண்ணுக்குக் கீழே உள்ள நீர்ப்பை கிழியும், ஒராண்டாவின் தலைச் சதை சிராயும், செதில் உதிரும். தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்து, கையால் மெதுவாக உள்ளே ஓட்டி, தண்ணீரோடு அப்படியே தூக்குங்கள்.

இரண்டு அங்குல மீன் என்றால் ஒரு பைக்கு இரண்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். நாலைந்து அங்குலம் என்றால் பைக்கு ஒன்று, மூன்று லிட்டர். பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதி காற்று. பைக்குள் பை போட்டு, அடி மூலைகள் இரண்டையும் ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் சிறிய மீன் அந்த முனையில் சிக்கிக்கொள்ளும். சாதாரணக் காற்று என்றால் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் என்றால் மீன் கடையில் ஆக்சிஜன் அடித்துத் தரச் சொல்லுங்கள். ஆறு அங்குலத்துக்கு மேற்பட்ட மீனுக்குப் பை சரிவராது. மூடியில் துளை போட்ட 20 லிட்டர் வாளி, பாதிக்கு மேல் தண்ணீர், பேட்டரி பம்ப், ஏர் ஸ்டோன். சோப்பு போட்டுக் கழுவிய வாளியைத் தொடவே வேண்டாம்.

விடிகாலையில் கிளம்புங்கள். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மே மாத மதியத்தில், வெயிலில் நிற்கும் காருக்குள் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பும்போது மீன் இருக்காது. தெர்மாகோல் பெட்டியும், நியூஸ் பேப்பர் சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்றும் போதும். ஐஸ் பாட்டில் மீன் இருக்கும் பையில் படக் கூடாது. ஆம்னி பஸ் பார்சலில் மீன் வியாபாரிகள் அனுப்புவது தினசரி நடப்பதுதான், ஆனால் அவர்களுக்குப் பேக்கிங் கை பழகிய வேலை. முதல்முறை செய்பவர் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதே நல்லது. கூடவே அந்தத் தொட்டியையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

போய்ச் சேர்ந்ததும்

ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டால், பையைக் கட்டியபடியே 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் புதுத் தண்ணீராக அரை மணி நேரம் சேர்க்கலாம். ஆறேழு மணி நேரம் கட்டிய பைக்கு இந்த முறை ஆபத்து. மூச்சு விட்ட கரியமில வாயு பைக்குள் தங்கி பிஹெச்சைக் குறைத்திருக்கும், அதனால் சேர்ந்திருக்கும் அம்மோனியா அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அப்போது திறக்காமல் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் திறந்து, உடனே மீனை மட்டும் கிண்ணத்தால் எடுத்து விட்டுவிட வேண்டும். எப்படி என்றாலும் பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது, சாக்கடைக்குத்தான்.

முதல் நாள் தீனி இல்லை, விளக்கும் வேண்டாம். அதன்பின் இரண்டு வாரம் பாதித் தீனி: ஒரு நாளைக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்துக்கு இருமுறை 25 சதவீதம் தண்ணீர் மாற்றம். ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியா, நைட்ரைட் சோதனை. எதில் நிறம் மாறினாலும் அன்றே தண்ணீர் மாற்றம். இதை ஒரு தாளில் எழுதி, தின்று பழகிய பெல்லட் டப்பாவோடு சேர்த்துக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். புது இடத்தில் இரண்டு மூன்று நாள் அடியில் முடங்கிக் கிடக்கும் என்பதையும் எழுதுங்கள், இல்லையென்றால் அந்த மூன்று நாளில் கடையிலுள்ள எல்லா மருந்தையும் ஊற்றிவிடுவார்கள்.

மொட்டைமாடி அல்லது தோட்டத்துக் குளத்துக்குக் கொடுப்பதானால் மூன்று விஷயம் பாருங்கள். பாதியாவது நிழல் வேண்டும், பச்சை ஷேட் நெட் போதும். சிமெண்ட் தொட்டியில் வெயில் நேராக விழுந்தால் தண்ணீர் 35 டிகிரி தொடும். மேலே வலை இல்லாவிட்டால் மடையானும் மீன்கொத்தியும் பூனையும் பங்கு போட்டுக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி வழிந்தால் மீன் தெருவுக்கு வந்து, மழைநீர் வடிகால் வழியாக, நாம் வேண்டாம் என்று சொன்ன அதே ஏரிக்குப் போய்ச் சேரும். விளிம்பிலிருந்து அரை அடி கீழே ஒரு வழிகுழாயும், அதன் வாயில் கம்பி வலையும் இருக்கிறதா என்று பாருங்கள். புது சிமெண்ட் தொட்டி என்றால் சுண்ணாம்பு கரைந்து பிஹெச் எகிறும், பல முறை நிரப்பி இறைத்து, சோதனை செய்த பிறகே மீன்.

கொடுக்க முடியாத மீன்

செதில் விறைத்து வாரக்கணக்கில் தின்னாமல் கிடப்பது, தலைகீழாக மிதந்து புண்ணாகிப்போனது ஆகியவற்றை இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது. மருத்துவர் பார்க்க வழியில்லை, மீளாது என்பது உறுதி என்றால், வலியின்றி முடிக்க மருந்துக் கடையில் பல்வலிக்கு விற்கும் கிராம்பு எண்ணெய் 5 மில்லி பாட்டில் ஒன்று போதும். ஐந்து லிட்டர் தொட்டித் தண்ணீரில் மீனை வைத்து, எட்டுச் சொட்டு எண்ணெயைச் சிறு பாட்டில் வெதுவெதுப்பான நீரில் பால்போல் ஆகும்வரை குலுக்கி மெதுவாக ஊற்றுங்கள். சில நிமிடங்களில் மீன் சாய்ந்து, தொட்டாலும் அசையாது. அதன்பின் மீதி எண்ணெயையும் அதே மாதிரி குலுக்கி ஊற்றி, செவுள் அசைவு நின்ற பிறகு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். கோல்டு ஃபிஷ் ஆக்சிஜன் இல்லாமலே வெகுநேரம் தாங்கும் மீன், அவசரப்பட்டு எடுத்தால் மீண்டுவிடும். ஃப்ரீசரில் வைப்பது அமைதியான முடிவு என்று நினைப்பவர்கள் பலர். குளிரைத் தாங்கும் இந்த மீனுக்கு அது நெடுநேர வேதனை. உடலை மண்ணில் புதையுங்கள், கால்வாயில் வீச வேண்டாம்.

தொட்டியில் மிஞ்சியவற்றையும் கவனிக்க வேண்டும். நைட்ரேட் உள்ள தண்ணீர் பூச்செடிக்கு நல்ல உரம், உப்பு போட்டிருந்தால் மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள். கபோம்பா செடி, பாசி, நத்தை எதுவும் வடிகாலுக்குள் போகக் கூடாது. வெயிலில் காயப்போட்டுக் குப்பையில் சேருங்கள். கல்லைப் பல வாரம் நன்றாகக் காயவிடுங்கள், இடுக்கில் இருக்கும் சில நத்தைகள் ஒரு வாரம் காய்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும். கண்ணாடித் தொட்டியையும் கொடுப்பதாக இருந்து, அது சில மாதம் காலியாகக் கிடந்திருந்தால், அடியில் தெர்மாகோல் ஷீட் போட்டு, சமதளத்தில் 24 மணி நேரம் முழுக்க நிரப்பி, மூலைகளில் உலர்ந்த துணி ஒற்றிக் கசிவு பாருங்கள். காய்ந்துபோன சிலிக்கான் முதலில் விடுவது அடி மூலைகளில்தான்.